வாணலி பற்றிக்கொண்டால்...

கேள்வி: பஜ்ஜி போடும்போது எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. மாமியார் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் தடுத்துவிட்டேன். சரிதானா?
- வாசகி, தேனி

பதில்: நூற்றுக்கு நூறு சரி, அம்மா! தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் நாலாபக்கமும் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகம் என்னாவது?

முதலில் அடுப்பை அணையுங்கள். குமிழ் எட்டவில்லையா, ரெகுலேட்டரை மூடுங்கள். பிறகு வாணலியைவிடப் பெரிய தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். காற்று இல்லாமல் தீ அடங்கும். நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். சூட்டோடு திறந்தால் மறுபடி பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது வேண்டவே வேண்டாம். பலருடைய புடவை பற்றுவது அந்த ஓட்டத்தில்தான்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே தீயை அணைத்துவிடுங்கள். போன் அடித்தாலும் அப்படியே. சமையலறையில் நைலான் புடவை கூடாது, பருத்திதான் நல்லது.

கேள்வி: கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கூடாது. எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிறு பொறி போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்தபின் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள்.