ஃபாரூக் மன்னர் அரண்மனைப் பதக்கம்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் மரகதப் பதக்கம் வாங்கினேன். ‘எகிப்து மன்னர் ஃபாரூக்கின் கெய்ரோ அரண்மனையில் இருந்தது’ என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். வேறு ஆவணம் இல்லை. பின்புறம் நங்கூர முத்திரையும் ஓர் எழுத்தும் உள்ளன. எகிப்து அரசு உரிமை கோருமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பில்லில் எழுதி வாங்கியது நல்லதாகப் போயிற்று. வாய்வார்த்தையாக இருந்தால் நிரூபிப்பதே பெரும்பாடு. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடைக்காரர் சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும். அதை விற்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும்.

அந்த நங்கூரம் பர்மிங்காம் ஹால்மார்க் நிலையத்தின் அடையாளம். பர்மிங்காம் நகை கெய்ரோவுக்குப் போயிருக்க முடியாது என்றில்லை. ஆனால் பக்கத்து எழுத்து, முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லிவிடும். ஃபாரூக் முடி துறந்து நாட்டைவிட்டுப் போனது 1952 ஜூலை 26. எழுத்து அதற்குப் பிந்தைய ஆண்டைக் காட்டினால் பில்லில் உள்ள கதை பெரும்பாலும் நிற்காது. பழைய நகைக்குப் பிற்பாடு முத்திரை குத்துவதும் உண்டு என்பதால், மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை மெருகு போடக் கொடுக்க வேண்டாம். முத்திரை தேய்ந்தால் சாட்சியே போய்விடும்.

விவரம் பொய் என்று அறிக்கை வந்தால், உடனே எழுத்துமூலம் பணத்தைக் கேளுங்கள். குறையுள்ள பொருளை உடனே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கச் சட்டம் தரும் 30 நாள் கெடு முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். அதன்பிறகு வழக்கமாகப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அரண்மனைப் பூர்வீகத்தை யாரால் பழுதுபார்க்க முடியும்? அதனால் நேராகத் திருப்பிக் கொடுக்கலாம். 6 மாதத்துக்குள் என்றால் உபயோகித்ததற்காகப் பிடித்தமும் செய்ய முடியாது.

விவரம் உண்மையானால்தான் எகிப்து பற்றி யோசிக்க வேண்டும். 1953இல் புரட்சி அரசு, ஃபாரூக்கின் அரச குடும்பமான முகமது அலி வம்சத்தின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. 1954இல் கெய்ரோவின் கூப்பே அரண்மனையில் சோதபிஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் பலவற்றை விற்றது. இந்தப் பதக்கம் அந்த ஏலத்தில் போனதற்கு ஆதாரம் இருந்தால் கவலையில்லை. களவாக வெளியேறியிருந்தால் வழக்கு வரலாம். வேறு நாட்டு அரசின் இத்தகைய உரிமை வழக்கை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கும் என்பது 2007இல் ஈரான் தொடுத்த வழக்கில் முடிவானது. ஆனால் 1980ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கலாம். இங்கிலாந்தில் யாராவது இதை நல்லெண்ணத்தோடு வாங்கி 6 ஆண்டு கடந்திருந்தால், பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும்.

ஆக, கடைக்காரர் இதை யாரிடம், எப்போது வாங்கினார், அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்டு, காகிதங்களின் நகலை வாங்குங்கள். பதில் வரும்வரை அதே ‘அரண்மனை’ விவரத்தைச் சொல்லி இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள். அப்புறம் அந்த வாக்குக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள்.