செட்டிநாட்டில் ஒரே நாள் இருந்தால் எந்தப் பழைய வீடுகளையும் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்?

முதலில் ஆத்தங்குடி பெரிய வீடு. கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். முகப்பில் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். வளவு எனப்படும் நடு முற்றத்துக்குள் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. மருமகள் கொண்டுவந்த சீர்சாமான்கள் அதில்தான் இருக்கும். ஒரு கூட்டுக்குடும்பத்தின் கணக்கே அந்தக் கதவுகளில் தெரியும். எனக்குப் பர்மாத் தேக்குத் தூண்களைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அதே ஊரில் தரைக்கல் பட்டறைகளும் உண்டு. கண்ணாடிமேல் வண்ணக்கலவை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் சுடாமலே தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அவசியம் பாருங்கள்.

கானாடுகாத்தான் அரண்மனை தனியார் சொத்து. அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

மாலைக்குள் புதுக்கோட்டை திருக்கோகர்ணம் போய்விட்டால், 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் செப்புத்திருமேனிகளைப் பார்க்கலாம்.