உளவுச் செயற்கைக்கோளால் தரையில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண முடியுமா?

முடியாது. வீட்டு முற்றத்தில் நிற்கும்போதுகூட மேலிருந்து எவரோ பார்க்கிறார் என்ற அச்சத்தில்தான் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என எண்ணுகிறேன். முகத்தைப் பதிவு செய்யக்கூடியது தாழப் பறக்கும் டிரோன், செயற்கைக்கோள் அன்று. ஹபிள் தொலைநோக்கியில் உள்ளதைப் போன்ற 2.4 மீட்டர் ஆடியைப் பொருத்தி 250 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவிட்டாலும், ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்குக் கீழான விவரத்தைப் பிரித்துக் காட்ட ஒளியின் இயல்பே இடம் கொடாது. 2019 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளியிட்ட ஈரானிய ஏவுதளப் படத்தின் கூர்மை வல்லுநர்களையே வியக்க வைத்தது. அதிலும் தெரிந்தவை சேதமடைந்த வாகனங்களும் மேடையுமே.

நான் படைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் நில அளவை செய்பவன். 'இவனுக்கு உளவைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்க வருவோர் பின்வருவதைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

எங்கள் தோட்டம் கைமாறியது; பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) போய்ச் செம்பனை வந்தது; தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டன. மாரியம்மன் கோவில் அங்கேதான் இருந்தது என்று மனுக் கொடுத்தபோது ஆதாரம் கேட்டார்கள். பழைய வான்படங்களைக் கேட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். பாதுகாப்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது அமெரிக்காவின் 'கொரோனா' உளவுத் திட்டம். 1960 முதல் 1972 வரை அச்செயற்கைக்கோள்கள் படச்சுருளில் படமெடுத்தன. சுருள் அடங்கிய கலம் பாராசூட்டில் இறங்கும்போது விமானம் அதை நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். அவ்வாறு சேர்ந்த 860,000-க்கும் மேற்பட்ட படங்களை 1995-இல் அதிபர் கிளிண்டனின் ஆணை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பிற்காலப் படங்களின் கூர்மை ஏறத்தாழ 2 மீட்டர்; அதாவது, அந்த அளவுக்குக் கீழான விவரம் அவற்றில் பிரிந்து தெரியாது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்திலிருந்து 1960களின் பிற்பகுதிப் படமொன்றைத் தரவிறக்கி, ஆற்று வளைவையும் ரயில் பாதையையும் இன்றைய படத்தோடு பொருத்தினேன். லயங்களின் தகரக் கூரைகள் வரிசை வரிசையாய் வெண்கோடுகளாகத் தெரிந்தன. திடல் வெளிர்ச்சாம்பல் கட்டமாக இருந்தது. அதன் கிழக்கு மூலையில், பெரிய மரத்தின் கருநிழலை ஒட்டி, சிறிய வெண்புள்ளி ஒன்று இருந்தது; எங்கள் பாட்டிமார் கோவில் இருந்ததாகக் கைகாட்டிய இடம் அதுவேதான். அப்படத்தை இணைத்துக் கோவில் குழுவினர் மறுபடியும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

நாட்டின் பாதுகாப்புக்கு எதிராகப் பேசுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ராணுவ முகாம்களை மறைக்கட்டும், அது அவர்கள் கடமை. இடித்துத் தள்ளிய ஆயாக்கொட்டகையிலும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பால் ஸ்டோரிலும் (ரப்பர் பால் சேர்க்கும் இடம்) என்ன ரகசியம் இருக்கிறது? அந்நிய நாட்டு உளவாளிக்குக் கிடைத்த படம், அத்தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

உங்கள் தோட்டத்தைத் தேட விரும்பினால், நம் வானில் மேகம் மிகுதி என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அக்காலக் கேமராவால் மேகத்தை ஊடுருவ இயலாது. பல படங்கள் வெறும் வெள்ளையாகவே இருக்கும். ஒரே இடத்தின் வெவ்வேறு ஆண்டுப் படங்களைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம்.