ஐரிஸுக்கு மட்டும் சொல்லவில்லை

அன்புள்ள அக்கா,

'ஆரோ' என்ற அமெரிக்கச் சாகசத் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஆலிவருக்குப் பொருத்தமானவள் படக்கதையில் உள்ளதுபோல லாரலா, இல்லை ஃபெலிசிட்டியா என்று நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. 'ஃபிளாஷ்' தொடரின் நாயகி ஐரிஸ் சலிப்பூட்டுகிறாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

லாரலா ஃபெலிசிட்டியா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 2012இல் ஒரேயொரு அத்தியாயத்துக்காக வந்த ஃபெலிசிட்டி, பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனதால் நிலைத்துவிட்டாள். படக்கதையில் இருக்கிறது என்பதற்காகத் திரையில் காதல் பிறந்துவிடாது.

ஐரிஸைச் சொன்னீர்களே, அதுதான் சுட்டது. சில நாட்களாக அவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2014இல் தொடங்கிய முதல் பருவத்தை மறுபடி பாருங்கள். மின்னல் வேகத்தில் ஓடி ஊரைக் காக்கும் முகமூடி வீரன் ஃபிளாஷைப் பற்றித் தேடித்தேடி எழுதுகிறவள் அவள். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த பாரிதான் ஃபிளாஷ். அது அவளுடைய பொலிஸ்கார அப்பாவுக்குத் தெரியும், பாரிக்கு உதவும் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தெரியும், பிறகு அவளுடைய காதலன் எடிக்கும் சொல்கிறார்கள். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. கேட்டால், அவளுடைய பாதுகாப்புக்காகவாம்! பருவம் முடியப்போகும் நேரத்தில் அவளேதான் கண்டுபிடிக்கிறாள். ஒருத்தியைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் ஒன்றும் செய்வதில்லை என்று குறைசொல்வது என்ன நியாயம்? எழுதியவர்களின் சோம்பலுக்கு நீங்கள் அவளைத் தண்டிக்கிறீர்கள். ஐரிஸாக நடித்த கேண்டிஸ் பாட்டனை நிறத்தைச் சொல்லி இணையத்தில் வைதவர்களும் உண்டு. உங்களை அவர்களோடு நான் சேர்க்கவில்லை, பிள்ளை. ஆனால் கவனமாக இருங்கள்.

தொண்ணூறுகளில் கொழும்புச் சோதனைச்சாவடி ஒன்றில் எங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா தாங்கமாட்டார் என்று மாமாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி, அப்பா வேலை விஷயமாகக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் அடையாள அட்டைப் பிரதியையும் பொலிஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு தனியாகவே சட்டத்தரணியிடம் போனார். ஆண்கள் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்பாவைக் காப்பாற்றினார். 'அவளுக்குச் சொல்லவேண்டாம்' என்று யார் சொன்னாலும் இன்றுவரை எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரிந்துகொள்ளும் உரிமையைப் பறித்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்கள் ஆலிவரும் இதையேதான் செய்தான். தனக்கொரு மகன் இருப்பதை ஃபெலிசிட்டியிடம் மறைத்தான். நிச்சயித்த கல்யாணத்தை முறித்துக்கொண்டு அவள் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து போகிறாளே, அந்த இடத்தில் உங்கள் நண்பர்கள் யார் பக்கம் நின்றார்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.