வாடப் பக்கம் எந்தப் பக்கம்?
வாசகர் கேள்வி – பதில்

உவரிக் கடற்கரையில் மீனவர் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன என் தங்கச்சி போனில், “அவங்க வாடப் பக்கம் தொழிலுக்குப் போயிருக்காங்க” என்கிறாள். வடக்கு என்று சொன்னால் குறைந்தா போய்விடும்?
– வாசகி, வள்ளியூர்

குறையாதுதான். ஆனால் வடக்கு, தெற்கு எல்லாம் தரையில் நிற்கிறவன் சொல். நம் ஊர்க்காரன் பானையை நகர்த்தச் சொன்னால்கூட “கொஞ்சம் மேக்க தள்ளி வை” என்பான். அவனுக்கு மேற்கே மலை, கிழக்கே பள்ளம்; பொதிகையில் பிறந்த ஆறு புன்னைக்காயலில் போய் விழுகிறது. மேல், கீழ் என்பது அவன் காலுக்கே தெரியும். கடலில் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. ராத்திரி, மேகம் மூடிக் கிடக்கிறது, கரை விளக்கும் தெரியவில்லை. அப்போது முகத்தில் படுகிற காற்று ஒன்றுதான் மிச்சம். அதனால் திசைக்குக் காற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். வடக்கு வாடை, கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம், மேற்கு கச்சான். இடைப்பட்ட மூலைக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும்: வடகிழக்கு வாடைக்கொண்டல், தென்கிழக்கு சோழகக்கொண்டல்.

பழைய பாட்டுகளில் வாடையும் கொண்டலும் இதே திசைக்காரர்கள்தான். தெற்குக்குத் தென்றல், மேற்குக்குக் கோடை என்று அங்கே இருக்கும். அந்த இரண்டையும் கடற்கரை மாற்றிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கரையிலும் சோழகம், கச்சான்தான். (சோழநாடு நமக்கு வடக்கே இருக்க, சோழகம் தெற்கிலிருந்து வீசுவது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை.)

நான் சிறுவனாக வள்ளத்தில் போனபோது சித்தப்பா நடுராத்திரி தட்டி எழுப்புவார். “எந்திரில, காத்து எங்கருந்து வருது, சொல்லு.” தூக்கக் கலக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. “ரெண்டு காதுலயும் ஒண்ணு போல இரையுத வரைக்கும் தலையத் திருப்பு. இப்ப மூக்குக்கு நேரா இருக்கது கச்சான். வலக்கைப் பக்கம் வாடை, இடக்கைப் பக்கம் சோழகம், பிடரிக்குப் பின்னால கொண்டல்.” வாத்தியாராகி, வகுப்பில் பூகோளப் படம் மாட்டிப் பாடம் எடுத்த காலத்திலும் எனக்குத் திசை காது வழியாகத்தான் வந்தது.

உங்கள் தங்கச்சிக்கு ஒன்று சொல்லி வையுங்கள். “வாடை அடிக்குது” என்றால் காற்று வடக்கிலிருந்து வருகிறது. “வாடப் பக்கம் போனான்” என்றால் ஆள் வடக்கே போகிறான். காற்று வருகிற இடத்துக்குத்தான் பெயர், போகிற இடத்துக்கு இல்லை. உள்நாட்டிலிருந்து வந்த மருமகள்கள் இதில்தான் முதலில் குழம்புவார்கள். போதாக்குறைக்கு நீவாடு என்று ஒன்று உண்டு, தண்ணீருக்குள் ஓடும் ஓட்டம். காற்று ஒரு பக்கம் தள்ளும், நீவாடு வலையை இன்னொரு பக்கம் இழுக்கும். அதை உங்கள் கொழுந்தனாரிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஒரு ராத்திரிக்குக் கதை இருக்கிறது.

நம்ம சீமையில் கடல் இருக்கிற பக்கம்தானே கிழக்கு? இதற்கு ஏன் இத்தனை பெயர்?
– வாசகர், பாளையங்கோட்டை

திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு நேரே பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டீர்கள் போல! அங்கே சரிதான். கிழக்கே அலை வந்து மோதுவதால் பெரிய கோபுரமே மேற்குப் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து மணப்பாடு வரை கரை வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. மணப்பாட்டைத் தாண்டித்தான் வடக்கே திரும்புகிறது. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் கடல் தென்கிழக்கில் கிடக்கிறது. கடலை வைத்துக் கிழக்கைக் கணக்குப் போட்டால் ஊருக்கு ஊர் சூரியன் இடம் மாறி உதிக்க வேண்டியதுதான்.

கரை தெரிகிற மட்டும் காற்றே வேண்டாம். உவரிக் கோயில், மணப்பாட்டுக் குன்றின் மேல் தேவாலயம், பின்னால் மகேந்திரகிரி, இப்போது கூடங்குளத்து உருண்டைக் கூரைகளும் சேர்ந்துவிட்டன. முன்னால் நிற்கும் கோபுரத்தையும் பின்னால் நிற்கும் மலை முகட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் படகு அந்தக் கோட்டில் எங்கோ நிற்கிறது. பக்கவாட்டில் இன்னொரு சோடியை அதேபோல் நேர்படுத்தினால், இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில் நிற்கிறது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பாரை, அதாவது மீன் கூடும் பாறைத் திட்டை, இப்படித்தான் மறுபடியும் தேடிப் பிடிப்பார்கள். எந்தப் பாருக்கு எந்தச் சோடி என்பதைச் சொந்த மச்சானுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

கச்சான் என்றாலே கடற்கரையில் ஏன் பயப்படுகிறார்கள்?
– வாசகர், பணகுடி

பணகுடிக்காரர் கேட்கலாமா இதை? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான். தேரிக்காட்டில் செம்மண்ணை மேடு மேடாகக் குவித்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை அதன் ராச்சியம். கூட்டப்புளி, பெருமணல் பக்கம் அது தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது எதிர்க்காற்று. பாய் வைத்து ஓடிய காலத்தில், கரை கண்ணுக்குத் தெரிய, வந்து சேர முடியாமல் கிடந்தவர்கள் உண்டு.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை கண்டார்களாமே?
– வாசகி, நாங்குநேரி

நம் கரை பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேல் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். கரைப் பக்கத்து மூட்டத்தில் பாதி நாள் தெரியவே தெரியாது. பங்குனி, சித்திரை நடுராத்திரியில் தெற்கே சிலுவை போல் நிமிர்ந்து நிற்கும் நாலு வெள்ளி இதைவிட நம்பகமானது. “செட்டியைக் கெடுத்த வெள்ளி”யை மட்டும் நம்பிவிடாதீர்கள். விடிவெள்ளி என்று நினைத்து அகாலத்தில் மூட்டை கட்டிக் கிளம்பிய செட்டியார், வழியில் கள்ளனிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்தார் என்பது கதை.

ஜி.பி.எஸ். வந்துவிட்டதே, இந்தச் சொற்கள் இனி எதற்கு?
– வாசகர், திசையன்விளை

பாரின் இடத்தைப் பெட்டி சொல்லிவிடும். அந்த ரகசியம் இப்போது செல்போனில் ஒளிந்திருக்கிறது. ஆனால் வாக்கிடாக்கியில் பையன்கள் பேசுவதைக் கேளுங்கள். முதலில் நம்பர் சொல்வார்கள். அடுத்த வார்த்தை, “கச்சான் கூடுது மக்கா, வலையை வாங்கு.”