முதலில் கால்சட்டை, அப்புறம்தான் செயின்சா

வணக்கம்மா,

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, பையன்களை வேலைக்கு அனுப்பிவைக்கும் என்னைப் பார்க்க மகனோடு வந்தீர்கள். அரை மணி நேரத்தில் ஒரே பேச்சை மூன்று முறை சொன்னீர்கள்: "எங்க தாத்தா தோட்டத்துல மரம் வெட்டினாரு. இவனும் மரந்தான் வெட்டணுமா? அதுக்கா எஸ்பிஎம் பரீட்சை வரைக்கும் படிக்க வச்சேன்?" தம்பி பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். இணையத்தில் தள்ளுபடி விலையில் ஒரு செயின்சா, சங்கிலி ஓடி மரம் அறுக்கும் இயந்திர ரம்பம். அதை அவனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று கிளம்பும்போது நீங்களே கேட்டீர்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் "வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில் தாத்தாவின் வேலைக்கும் இதற்கும் உள்ள தூரம். தோட்டத்தில் மறுநடவுக்காக ரப்பர் மரத்தைச் சாய்த்தபோது அது விழ இடம் இருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஆங்சனா மரத்துக்கு விழ இடமே இல்லை. ஒரு பக்கம் கூரை, இன்னொரு பக்கம் மின்கம்பி, கீழே பக்கத்து வீட்டுக்காரரின் காடி. அதனால் யாரும் அதைச் சாய்ப்பதில்லை. கயிற்றில் ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் கயிறு கட்டி இறக்குகிறார்கள். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பச்சை மரத்தில் ஒரு மீட்டர் துண்டு 100 கிலோவைத் தாண்டும். அது அரை மீட்டர் விழுந்த பிறகு கயிறு பிடித்தால், கயிற்றின்மேல் வரும் இழுப்பு அந்த எடையைப் போலப் பல மடங்கு. வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கு தலையில் ஓடவேண்டும். பலம் மட்டும் இருப்பவனை இந்த வேலைக்கு நான் அனுப்ப மாட்டேன்.

வயதையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 18 முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இளம் வயதினரை அபாயமான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆகவே அந்த நான்கு மாதமும் அவன் செயின்சாவைத் தொடக் கூடாது. "சும்மா பிடிச்சுப் பார்க்கட்டும்" என்று எந்த முதலாளி சொன்னாலும் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? காலை ஆறரைக்கு லோரி நிற்கும் இடத்தில் இருக்கவேண்டும். முதல் வருடம் முழுக்கத் தரையில்தான் வேலை. பெட்ரோல் கலப்பதில் தொடங்கும்: பெரும்பாலான ரம்பங்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். எண்ணெய் சேராத பெட்ரோலை ஒருமுறை ஊற்றினால் போதும், இன்ஜின் இறுகிப்போகும். அப்புறம் சாலையில் கூம்பு வைப்பது, மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பது. அடித்தண்டில் தட்டு தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே வேர் அழுகியிருக்கலாம். அந்த மரத்தில் ஆளை ஏற்றாமல், ஆளை மேலே தூக்கும் இயந்திரமான ஸ்கைலிஃப்ட் கொண்டுவருவதுதான் சரி. மேலே தெபுவான் குளவிக் கூடு இருக்கிறதா, கெரெங்கா எறும்பு இலைகளைச் சேர்த்துக் கூடு தைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் இரண்டு கையிலும் ரம்பம் இருக்கும்போது கெரெங்கா கழுத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பினாங்கில் இன்னொன்றும் உண்டு. பெரிய மரத்தடியில் ஒரு சூலமோ, சீனர்கள் வணங்கும் காவல் தெய்வமான டத்தோ கோங்கின் சிவப்பு நிற மாடமோ இருக்கும். எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தாமல் பையன்கள் கை வைக்க மாட்டார்கள். நான் அதைக் கேலி செய்வதில்லை. சூடம் எரியும் அந்த ஐந்து நிமிடம் மொத்தக் குழுவும் பேச்சை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கிறது. காலை நேர பாதுகாப்புப் பேச்சில்கூட அவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு இழுப்பதுதான் வேலை. மேலே ஒருவன் ஒரு மணி நேரம் வெட்டினால் கீழே மூன்று பேர் இரண்டு மணி நேரம் கிளை இழுப்பார்கள். இலையோடு கிளையைச் சிப்பர் என்ற தூளாக்கும் இயந்திரத்தில் கொடுக்கும்போது அடிப்பக்கத்தை முதலில் விட்டு, பக்கவாட்டில் நின்று கையை எடுத்துவிடவேண்டும். தொளதொளவென்ற கையுறையோ கையில் சுற்றிய கயிறோ இருந்தால் இயந்திரம் கிளையோடு ஆளையும் இழுக்கும். மதியத்துக்கு மேல் இடி கேட்டால் மேலே இருப்பவன் இறங்கிவிடவேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அடிக்கடி நடக்கும். கடைசியில் தெருவைக் கூட்டிப் பெருக்கி, பக்கத்து வீட்டு ஆண்ட்டி "என் மாமரத்துலயும் ரெண்டு கிளை" என்று கேட்பதற்குச் சிரித்துச் சமாளித்து, நான்கு மணி வாக்கில் லோரி திரும்பும்.

நாள் அதோடு முடியாது. ரம்பத்தைக் கழுவித் துடைத்துச் சங்கிலிக்குச் சாணை பிடிக்கவேண்டும். சின்ன ரம்பத்துக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். ஒரே சாய்வில், ஒரே பக்கமாகத் தள்ளவேண்டும், திரும்ப இழுக்கக் கூடாது. இடப்பக்கப் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் வலப்பக்கத்துக்கும் மூன்றே. எண்ணிக்கை தவறினால் மறுநாள் ரம்பம் மரத்துக்குள் கோணலாகப் போகும். சங்கிலி கூராக இருக்கிறதா என்று மரத்தூளைப் பார்த்தே சொல்லலாம். செதில் செதிலாக விழுந்தால் கூர். மாவு மாதிரி பறந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை ஆள் அழுத்துவான், அழுத்தும் நேரத்தில்தான் அது கைமீறிப் போகும். தம்பிக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரியவேண்டுமானால் அவன் மரம் ஏறுவதைப் பார்க்கவேண்டாம். முப்பது பல்லையும் எண்ணி அரம் பிடிக்கும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த இணையத்துச் செயின்சா. அவன் காட்டியது மேலே பிடி வைத்த சின்ன ரகம். பார்க்க லேசாக, ஒரு கையால் தூக்கலாம் போல இருக்கும். அங்கேதான் வம்பு. மரத்துக்கு மேலே, கயிற்றில் நிற்கிற பயிற்சி பெற்ற ஆளுக்காகச் செய்த ரம்பம் அது. தரையில் நிற்கும் புதுப்பையனுக்கு ஆகாது. ரம்பத் தகட்டின் முனையில் மேல்பாதி எதிலாவது பட்டால் தகடு கண் இமைக்கும் முன் முகத்தை நோக்கி எகிறும். அந்த நேரத்தில் சங்கிலியை நிறுத்த ஒரு பிரேக் உண்டு. பத்தில் ஒரு பங்கு விலைக்கு வரும் போலி ரம்பத்தில் அந்த பிரேக்கை நம்பி உங்கள் மகனின் முகத்தைப் பணயம் வைக்கலாமா?

நல்ல குழுக்களில் இரண்டு பிராண்டுகள் அதிகம் தென்படும். ஒன்று ஸ்டீல். இரும்பு என்று நினைத்துவிடாதீர்கள், 1926இல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. இன்னொன்று சுவீடனின் ஹஸ்க்வர்னா. எது உசத்தி என்று பையன்கள் கால்பந்துக் குழுவுக்குச் சண்டை போடுவது மாதிரி போடுவார்கள். என்னைக் கேட்டால், சங்கிலியும் உதிரிப்பாகமும் பக்கத்துக் கடையில் எதற்குக் கிடைக்கிறதோ அதுதான் உசத்தி. இப்போது இரண்டிலும் பேட்டரி ரம்பம் வந்துவிட்டது. மேலே தொங்கிக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, புகை இல்லை, குடியிருப்புப் பகுதியில் சத்தமும் குறைவு. ஆனால் சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்து விசையில் விரலை வைத்துவிடுவார்கள். அடிமரத்தைப் பெரிய துண்டாக அறுக்க இன்னும் பெட்ரோல் ரம்பம்தான். எதுவானாலும் அது கம்பெனி வாங்கித் தரவேண்டிய பொருள். அவன் சம்பளத்திலிருந்து போகக் கூடாது.

உங்களுக்குச் செலவு செய்தே ஆகவேண்டும் என்று மனம் இருந்தால் கால்சட்டை வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கால்சட்டை இல்லை, செயின்சா கால்சட்டை. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் நீள நீளமான இழைகள் பல அடுக்காக இருக்கும். ஓடும் சங்கிலி பட்டால் அந்த இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தை அடைத்து நிறுத்தும். டைப் ஏ என்றால் முன்பக்கம் மட்டும் பாதுகாப்பு, தரையில் வேலை செய்பவருக்குப் போதும். மரம் ஏறுபவருக்குக் காலைச் சுற்றி முழுக்க இருக்கும் டைப் சி. கிளாஸ் 1 என்று போட்டிருந்தால் வினாடிக்கு 20 மீட்டர் ஓடும் சங்கிலியில் சோதித்தது என்று பொருள். முழு வேகத்தில் பல ரம்பங்கள் அதையும் மிஞ்சும். அதனால் அதைப் போட்டுக்கொண்டு தைரியம் காட்டக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது வேகும். அதனாலேயே பையன்கள் கழற்றி லோரியில் எறிந்துவிடுவார்கள். கொஞ்சம் விலை கூடினாலும் லேசானதாகப் பாருங்கள். தலைக்கவசம், வலைமறைப்பு, காதுமூடி மூன்றும் சேர்ந்தே வரும். காதுமூடியை விட்டுவிட்டால் முப்பது வயதில் நீங்கள் கூப்பிடுவது அவனுக்குக் கேட்காது.

இதையெல்லாம் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் என் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனைச் சரியாக விசாரிக்காமல் ஓரிடத்துக்கு அனுப்பினேன். இரண்டாம் வாரமே மேலே ஏற்றிவிட்டார்கள். ஊசலாடி வந்த கிளை தோளில் இடித்தது. ஆள் கயிற்றில் இருந்ததால் விழவில்லை. மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, தொழிலாளர் விபத்துக் காப்புறுதியான சொக்சோவில் அவன் பெயரே இல்லை. அதிலிருந்து யாரை அனுப்பினாலும் நான் முதலில் லோரியின் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்.

நீங்களும் பாருங்கள். கயிறுகள் பையில் சுருட்டி இருக்கிறதா, எண்ணெய்க் கேனுக்கு அடியில் கிடக்கிறதா? ஏறும் கயிறும் மரம் இறக்கும் கயிறும் தனித்தனியா? ஒரே கயிற்றை இரண்டுக்கும் பயன்படுத்தும் இடத்தில் ஒரு நாள்கூட விடாதீர்கள். ரம்பத்தால் அறுக்கும்போது ஏறுபவர் இரண்டு இடத்தில் கட்டிக்கொள்கிறாரா என்று கேளுங்கள். காலில் கட்டும் இரும்பு முள் இருக்கும். அது வெட்டி எடுக்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான். கிளை கழிக்கும் மரத்திலும் முள் குத்தி ஏறுகிறவர், மரத்தை மொட்டை அடிப்பதையே தொழிலாக விளம்பரம் செய்கிறவர், இவர்களிடம் தம்பி கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மொட்டையடித்த மரத்தில் தளிர்க்கும் கிளைகள் பிடிமானம் இல்லாமல் மேல்தோலோடு ஒட்டி வளரும், சில வருடத்தில் அதுவே ஆபத்து.

அனுமதிக் கடிதம் பற்றியும் கேளுங்கள். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஊராட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறது. செத்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கோப்பை எடுத்துக் காட்டுகிற முதலாளி நல்லவர். "அதெல்லாம் ஞாயித்துக்கிழமை வெட்டிட்டா யாரு பார்க்கப் போறா" என்பவரை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்பது 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதி. அவர் யார் என்று கேளுங்கள். சம்பளம் நாள்கூலியா மாதமா, ஈபிஎஃப் சேமநிதி கட்டுகிறார்களா, சொக்சோ பதிவு முதல் நாளே உண்டா என்பதும் கேட்க வெட்கப்படக் கூடாத கேள்விகள். குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்குக் கீழே "பயிற்சிக் காலம்" என்று சொன்னால் எழுந்து வாருங்கள்.

மேலே போக வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் முழங்காலும் தோளும் நாற்பது வயதுக்கு மேல் கயிற்றைத் தாங்காது, அதற்குள் படித்தாகவேண்டும். மூன்று வருட முழுநேர அனுபவம் இருந்தால் பன்னாட்டு மர வளர்ப்புக் கழகமான ஐஎஸ்ஏவின் சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், தேர்வு எழுதலாம். அப்புறம் மரத்தின் ஆபத்தை மதிப்பிடும் தகுதி, அதற்கு ட்ராக் என்று பெயர். 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நசுங்கின. அந்த மாதிரி மரத்தை விழுவதற்கு முன்பே பார்த்து அறிக்கை எழுதுகிறவர்தான் இந்தத் தொழிலில் மேலே நிற்பவர். தம்பியின் உயிரியல் மதிப்பெண் மோசமில்லை. கணிதத்தை விட ஆங்கிலம்தான் அவனுக்கு இடிக்கும். அந்தத் தேர்வுப் புத்தகங்களைப் படிக்க அது வேண்டும். காத்திருக்கும் நான்கு மாதத்தில் செயின்சா வீடியோ பார்ப்பதற்குப் பதில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு மட்டும் ஒன்று. நீங்கள் தையல் வேலை செய்கிறவர் என்று சொன்னீர்கள். அந்தக் கால்சட்டையில் எங்காவது கிழிந்து வீட்டுக்கு வரும், கை தானாக ஊசியைத் தேடும். வேண்டாம். அடுக்குகளை நூல் சேர்த்துப் பிடித்துவிட்டால் இழைகள் உருவி வராது, ரம்பமும் நிற்காது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவமும் ஊற்றாதீர்கள். உள்ளே இழை வெளியே தெரிகிற அளவு கிழிந்திருந்தால் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலை முதலாளியிடம் காட்டிப் புதியது கேட்கச் சொல்லுங்கள்.