யார் குத்துவது?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. கோவில்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல் பார்த்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுக் கம்பும் உளுந்தும் விதைத்து, கடையில் உப்பு மட்டும் வாங்குகிற வாழ்க்கை வாழ ஆசை. ஒன்றரை ஏக்கர் போதுமா? ஆடிப்பட்டத்துக்குள் போய்விடலாமா? மனைவிக்கு இப்போது அவ்வளவு உடன்பாடு இல்லை. போகப் போகப் பழகிவிடுவாள் என்று நம்புகிறேன்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஏக்கர் கணக்கை விடுங்கள். கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள், மார்கழியில் பச்சையாக இருக்கும்போது பார்த்து மயங்காதீர்கள். அப்புறம், கரிசல் மானாவாரிக்கு ஆடிப்பட்டம் எங்கே வந்தது? அங்கே விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். இதுகூடத் தெரியாமல் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள்.

நான் பதில் எழுதுவது உங்கள் கடைசி வரிக்காக. போன மாதம் ஒருவர் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய உரலை விலைக்குக் கேட்டார், ஹோட்டல் வாசலில் வைக்கவாம். அன்றிலிருந்து பாட்டி நினைப்பாகவே இருக்கிறது.

வெயில் தாழக் காட்டிலிருந்து வருவாள், பகல் முழுக்கக் களையெடுத்த உடம்பு. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் போட்டுக் குத்துவாள், உமி கழன்றதும் சுளகில் புடைப்பாள், மறுபடி போட்டு இடித்து, சலித்து, உலையில் கொட்டித் துடுப்பால் கிண்டி இறக்கும்போது இருட்டியிருக்கும். ஒன்பது பேருக்குச் சோறு. தினமும். தாத்தா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நம்ம வீட்டில் கடைச்சாமான் நுழையாது என்று போகிற வருகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் உலக்கையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து ஊரில் மில் வந்தது. ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய் அரைத்துக்கொண்டு வந்தாள். வந்து திண்ணையில் படுத்தாள். சாயங்கால நேரத்தில் அவள் படுத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோய் எழுப்பினேன்.

காந்தியப் பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பாவை நீங்கள் படித்திருப்பீர்கள். லண்டனில் கணக்காளர் படிப்புப் படித்துவிட்டு வந்து, 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் வந்து இருந்த மனிதர். எனக்கு அவர் மேல் தீராத மரியாதை. மில் அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசிதான் வேண்டும் என்றார்கள் அவரும் அந்தச் சங்கமும். தவிட்டில் இருக்கும் சத்து போகிறது, குத்திப் பிழைப்பவர்களின் கூலி போகிறது, இரண்டும் நியாயமான காரணம். ஆனால் என் பாட்டிக்கு யார் கூலி கொடுத்தது? குமரப்பா கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவரிடம் இதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. உங்களிடம் கேட்க ஒருத்தி இருக்கிறாள், அவளைத்தான் 'பழகிவிடுவாள்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள்.

கம்பை மில்லில் கொடுத்துக்கொள்வேன் என்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். அப்படியானால் மில்காரர் வேண்டும், கரண்ட் வேண்டும், கலப்பைக் கொழு தட்டக் கொல்லர் வேண்டும், அறுப்புக்கு நாலு ஆள் வேண்டும். தற்சார்பு என்பது ஊருக்குப் பொருந்தும் சொல், ஒன்றரை ஏக்கருக்குள் வேலி போட்டுக்கொண்டு வாழ்கிறவனுக்குப் பொருந்தாது. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் பொருந்தியது போலத் தெரிந்ததற்குக் காரணம் பொம்பளைகளின் தோள்பட்டை. உங்கள் ஆசையை நான் கேலி செய்யவில்லை தம்பி, ஏசி அறையில் உட்கார்ந்து மழையை நினைத்து ஏங்குகிறவனை எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் விதை வருகிறது, வேலை விடுவது வருகிறது, விளைந்தது எப்படிச் சோறாகும் என்பது ஒரு இடத்திலும் வரவில்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். உமி போகாத கம்பு ரெண்டு கிலோ வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே குத்திப் புடைத்துச் சோறாக்கி அவளுக்குப் போடுங்கள். அப்புறம் நிலத்தைப் பற்றி அவளிடம் கேளுங்கள், சொல்லாதீர்கள், கேளுங்கள்.

உரலுக்கு எங்கே போவேன் என்று கேட்க வேண்டாம். அந்த ஹோட்டல்காரருக்கு நான் கொடுக்கவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.